கடம்பூர்ப் பக்கத்து மணி

அண்ணாச்சி,

நேற்றுச் சாயங்காலம் மதினி ஒரு பழுப்பு உறையை என் கையில் கொடுத்தார்கள். கடை மேசை டிராயரில், கடலைமிட்டாய்ப் பொட்டலத்துக்கு ஒட்டும் லேபிள்களுக்கு அடியில் கிடந்ததாம். பிரித்ததும் வெல்லப்பாகு வாடை. உள்ளே பத்துப் பன்னிரண்டு தாள்கள். எல்லாம் நம் பொம்மை ரயிலுக்கு எந்த டிஜிட்டல் கண்ட்ரோல் வாங்குவது என்று நீங்கள் இன்டர்நெட்டில் தேடி பிரிண்ட் எடுத்தவை. ஓரமெல்லாம் உங்கள் பென்சில் எழுத்து. அதைப் படித்ததிலிருந்து உங்கள் படத்துக்கு முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு கிழடுகள் ரயில் விளையாடுகின்றன என்று ஊர் சிரித்தது. உங்கள் மிட்டாய்க் கூடத்துக்கு மேலே, வெல்ல மூட்டை அடுக்கும் அறையில், பதினான்கடிப் பலகை. இந்த முனையில் கோவில்பட்டி ஸ்டேஷன், அந்த முனையில் கடம்பூர். நடுவிலுள்ள தரைக்கு நான் கறுப்புப் பெயிண்ட் அடிக்கப் போனபோது தடுத்துவிட்டு, பசுவந்தனையில் உங்கள் புஞ்சையிலிருந்து நிஜக் கரிசல் மண்ணையே சாக்கில் கொண்டுவந்தீர்கள். மதினியின் மாவுச் சல்லடையில் சலித்து, பசை கலந்து பூசினீர்கள். சித்திரை வெயிலுக்கு அது காட்டில் வெடிப்பது போலவே பாளம் பாளமாக வெடித்துத் தண்டவாளத்தைத் தூக்கிவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். சல்லடைக்காக மதினியிடம் நாம் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

அப்போது நம்முடையது பழைய முறை. தண்டவாளத்துக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்துத்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும். என்னிடம் ஒரு ரெகுலேட்டர், உங்களிடம் ஒன்று; பாதி வழி நான் ஓட்டுவேன், பாதி வழி நீங்கள். மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் என்பதால் ஒயரிங் என் பொறுப்பு. சட்டம் உங்கள் பொறுப்பு. அசல் ரயிலில் அடுத்த ஸ்டேஷனைக் கேட்காமல் வண்டியை விடமாட்டார்கள், நாமும் விடக் கூடாது என்றீர்கள். பலகையின் இரண்டு முனையிலும் சைக்கிள் மணி மாட்டினோம். நான் இரண்டு தட்டு தட்டினால், 'லைன் கிளியர் உண்டா?' நீங்கள் இரண்டு தட்டு தட்டினால், 'உண்டு, விடலாம்.'

ஒருநாள் பாகு பதம் பார்க்கக் கீழே போனவர், ஒரு யாவாரியின் பேச்சில் மாட்டிக்கொண்டீர்கள். முக்கால் மணி நேரம் ரெகுலேட்டரில் கை வைத்தபடியே காத்திருந்தேன். திரும்பி வந்து என்னைப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, தம்பி சட்டத்த மீறலயே" என்று ஒரு மிட்டாயை நீட்டினீர்கள்.

பிறகு உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காப்பி தளும்பியது. அப்புறம், நான் மூன்று மாதம் உட்கார்ந்து பெயிண்ட் அடித்த நீல இன்ஜினைத் தூக்கி வைக்கும்போது நழுவவிட்டீர்கள். தரையில் விழுந்து இரண்டாகப் போனது. "போனாப் போகுது அண்ணாச்சி" என்று வாய்தான் சொன்னது. மனசுக்குள் அன்றைக்கே உங்களை அந்தப் பலகையிலிருந்து இறக்கிவிட்டேன்.

டிஜிட்டல் பேச்சை எடுத்ததும் நான்தான். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப், அதற்கு ஒரு நம்பர். நம்பரை அழுத்தி உத்தரவு கொடுத்தால் அந்த இன்ஜின் மட்டும் கேட்கும். ஒரே ஆள் நாலு வண்டியை ஓட்டலாம். கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, ஒயர் வைத்த இரண்டு ரிமோட்டோடு வருவது. பட்டனெல்லாம் பெரிதாக இருக்கும். மற்றது, ரிமோட்டே இல்லாமல் செல்போனில் ஓடுவது. நீங்கள் பிரிண்ட் எடுத்து எடுத்துப் படித்துவிட்டு, "ரெண்டு ரிமோட்டு உள்ளதையே பாப்போம் தம்பி. நீங்க இங்கன, நான் அங்கன" என்றீர்கள். கைக்கு வைத்தியம் பார்க்க மதுரைக்குப் போய்விட்டு வந்ததும், சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வதாகப் பேச்சு.

நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே செல்போன் வகைக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். இரண்டு ரிமோட் வந்தால் ஒன்று உங்கள் கைக்குப் போகுமே, அதுதான் காரணம். இப்போது வேறு ஏதாவது காரணம் சொன்னால் அதுவும் பொய். திரும்பி வந்து கேட்டீர்கள். நாக்குக் கூசாமல் சொன்னேன்: "அந்த வகை இப்ப வாரதில்லயாம் அண்ணாச்சி. நிப்பாட்டிட்டானாம்." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "அப்படியா, சரி" என்றீர்கள்.

முதல் ஓட்டத்தன்று கடம்பூர் முனையில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் போனைத் தடவித் தடவி மூன்று வண்டியை ஓட்டினேன். நான் கேட்கவே இல்லை. பழக்கத்தில் நீங்களாக இரண்டு தட்டு தட்டி லைன் கிளியர் கொடுத்தீர்கள். அதற்குள் வண்டி உங்களைத் தாண்டிவிட்டது. நான் தலை நிமிரவில்லை. "இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம் போல" என்றீர்கள், சிரித்துக்கொண்டேதான். பாவி, நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு மாடி ஏற முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். உங்கள் கட்டடத்தில், உங்கள் புஞ்சை மண்ணில், நான் தனியாக வண்டி விட்டேன். கீழேயிருந்து எனக்குக் காப்பியும் உடைந்த மிட்டாயும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. போன ஐப்பசியில் நீங்களே போய்விட்டீர்கள்.

அந்தத் தாள்களை நேற்று லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். எனக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புகை மூட்டம். இரண்டு ரிமோட் வகைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "பட்டன் பெரிசு. தம்பிக்குக் கண்ணு மங்குது, கேட்டா ஒத்துக்கிட மாட்டாரு. செல்போன் சரிப்படாது." அதற்குக் கீழே, நடுங்கிய எழுத்தில்: "கை ரொம்ப மோசமானா ரெண்டையும் அவரே வச்சிக்கிடட்டும். நான் மணி அடிச்சாப் போதும்."

மதினியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த வகை நின்றுபோனதாக நான் சொன்னது பொய் என்றேன். அவர்கள் ஆச்சரியப்படவே இல்லை. "அவியளுக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கே அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டாவ. இருக்குன்னுட்டான். தம்பிகிட்ட இதப் பத்திக் கேட்டுராத, கூசிப் போவாருன்னு எங்கிட்ட சொல்லிட்டாவ."

ஏசியிருந்தால் ஆறியிருக்கும் அண்ணாச்சி. தெரிந்துகொண்டே காப்பி கொடுத்தனுப்பினீர்களே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் மாடிக்குப் போனேன். செல்போனில் நம்பர்கள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிகின்றன. எந்த வண்டியைத் தொடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோவில்பட்டி மணியை இரண்டு தட்டு தட்டினேன்.

பதில் வராமல் வண்டியை விடக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். அன்றைக்கு மீறினேன். இன்றைக்கு வண்டி இந்த முனையிலேயே நிற்கிறது.