பிறை இருக்கவேண்டிய பக்கம்

24 நவம்பர் 2025, திங்கள். காலை 8.40. சிலாங்கூர் மாநிலக் கொடி, மூன்றடிக்கு ஆறடி, அறுநூறு.

டிசம்பர் 11 சுல்தான் பிறந்தநாளுக்குக் கிள்ளானில் தெருத்தெருவாகக் கட்டப்போகிறார்கள். அச்சு முடிந்தது. சிவப்பு, மஞ்சள் இரண்டையும் அளந்து பார்த்தேன், பிசகில்லை. தையலுக்கான டிராயிங்கும் நான் போட்டதுதான்: கம்பம் நுழையும் உறை, இடது ஓரம். தையல் பிரிவு அமுதவள்ளி அக்கா, உறை மடித்த முதல் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி, பிறை கம்பத்துப் பக்கம்தானே வரணும்? இதுல மாறி வருதே.”

“டிராயிங்ல உள்ளபடி தைங்கக்கா. என் நேரத்த எடுக்காதீங்க லா.”

பதினோரு வருடம் தைத்தால் டிசைனர் ஆகிவிட முடியுமா?

28 நவம்பர்

அறுநூறும் லோரியில் போய்விட்டது.

1 டிசம்பர், திங்கள்

இதுவரை கட்டியது நாற்பது. நாற்பதிலும் பிறையும் நட்சத்திரமும் கம்பத்தை விட்டு அந்த ஓரத்தில் ஆடுகின்றன. எவனோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். மாநிலக் கொடிக்கு அவமதிப்பு, போலீஸ் ரிப்போர்ட் கொடுப்போம் என்று கீழே இருநூறு பேர். முதலாளி சபாபதி மத்தியானமே வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டார் — தையல்காரரின் தவறு, வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.

அக்கா தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துப் பையில் போட்டார். என்னைப் பார்த்தார். நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2 டிசம்பர்

தையல் மேசைப் பக்கம் போய் நின்று பார்த்தேன். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடத்தில் முதல் முறை. ஓரத்தைப் பின்னால் மடிக்கவேண்டும் என்பதால், அச்சுப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டுத்தான் தைக்கிறார்கள். என் டிராயிங் முன்பக்கம் பார்த்துப் போட்டது. எனக்கு இடது, அவர்களுக்கு வலது; டிராயிங் சொன்னபடி அவர்கள் தங்கள் இடதிலேயே தைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் மேலே என்று ஒரு வரி எழுதவில்லை. டிப்ளோமா வேறு.

கேட்டாங்களே. வந்து கேட்டாங்களே.

3 டிசம்பர்

சபாபதியிடம் சொல்லவில்லை.

5 டிசம்பர், வெள்ளி

சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியும் லா. அன்னிக்கே டிராயிங்க பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் அக்காவ அனுப்பினீங்க?”

“ஒன்ன அனுப்பினா பிரிண்ட் மெஷின யாரு பாக்குறது? தைக்கிறதுக்கு நாளைக்கே ஆள் கெடைக்கும். போ, வேலயப் பாரு.”

ஆறடித் துணியில் உறை பக்கம் மாறினால் அதற்குச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, இருநூறு பேர் இருக்கிறார்கள். அக்காவுக்கு யார் இருக்கா? நானா? நல்ல ஆள்.

7 டிசம்பர், ஞாயிறு

1. தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு, டிராயிங்கையும் சேர்த்து, வாடிக்கையாளருக்கு அனுப்புவது. இன்றே.
2. வேலையை விடுவது. இல்லாவிட்டாலும் முதலாவதைப் பார்த்ததும் சபாபதி விடவைப்பார்.
3. டெங்கிலில் அக்கா வீட்டுக்குப் போவது. போன் வேண்டாம், நேரில்.
4. அவர் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்பது. குறுக்கே பேசக்கூடாது.