பிஸ்கட் உறையில் பிறந்த சொல்

மார்ச் 4
எங்கள் கம்பெனியின் புது பிஸ்கட் உறையில் விரலளவு இடம் காலியாகிவிட்டது. "மருத்துவர்கள் பரிந்துரைப்பது" என்ற வரியைக் கம்பெனி வக்கீல்கள் தூக்கிவிட்டார்களாம். அச்சகத்துக்காரர் போனை வைக்கவே மாட்டேன் என்கிறார். மேலாளர், "எதாவது நல்லதா போட்டு அனுப்பும்மா" என்றார். 'மெல்லெழுச்சி தரும் காலை' என்று எழுதி அனுப்பினேன். அப்படியென்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை, எனக்கும் தெரியாது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். வேலை போனதிலிருந்து அவர் இப்படி வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்க்கவில்லை. "மெல்லெழுச்சியா ஒரு டீ போடட்டா?" என்றார்.

மார்ச் 20
மேலாளர் கூட்டத்தில் "நம்ம கம்பெனியோட மெல்லெழுச்சி" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஏப்ரல் 9
டிவியில் ஒரு நிபுணர், மெல்லெழுச்சி இல்லாத பொருளாதாரம் தாங்காது என்கிறார். எதிரே இருந்தவர் ஆவேசமாக மறுத்தார். எதை மறுத்தார்? நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஏப்ரல் 27
முடிவெட்டும் கடையில் 'மெல்லெழுச்சி கட்டிங்'. கட்டணம் கூடுதல். வெட்டிக்கொண்டேன்.

மே 13
அவருக்கு நேர்முகத் தேர்வு. பெரிய கம்பெனி. சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் ஷூவைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மெல்லெழுச்சி பத்தி உங்க பார்வை என்னன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உண்மையத்தான். என் பொண்டாட்டி பிஸ்கட் கவர்ல இடத்த அடைக்க எழுதினதுன்னு."

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லையாம். நடுவில் இருந்த அம்மா மட்டும், "உங்ககிட்ட அது கொஞ்சம்கூட இல்லைன்னு இப்பவே தெரியுது" என்றாராம்.

ஒரு தடவை — ஒரே ஒரு தடவை வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். எழுதித் தொலைச்சவ நான்தானே, என்னை யார் கேக்கறது?

மே 14
அவர் தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டார்.

மே 30
மெல்லெழுச்சி பற்றிப் புத்தகமே வந்துவிட்டது. அவர் வாங்கி வந்து அடிக்கோடு போட்டுப் படிக்கிறார். "சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்" என்றார். உள்ளுக்குள் சிரிக்கிறார். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 18
வேலை கிடைத்துவிட்டது. அதே கேள்விதானாம், வேறு கம்பெனி. நிறுத்தாமல் பேசினாராம். கேள்வி கேட்டவர்களே குறிப்பெடுத்தார்களாம். சமையலறையில் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜூலை 6
காலையில் டீயோடு எங்கள் பிஸ்கட்டை வைத்தேன். வேண்டுமென்றே உறையை அவர் பக்கம் திருப்பி வைத்து, "பாருங்க, நம்ம மெல்லெழுச்சி" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதக் காலைக்கு மட்டும்னு சுருக்கிட்டியே. இதோட ஆழம் உனக்குப் பிடிபடல. ஒரு நாள் உக்காந்து சொல்றேன்."

சிரித்துவிடுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 7
அடுத்த உறையிலும் ஓர் இடம் காலி. மனதில் வந்த இன்னொரு சொல்லை எழுதி அனுப்பினேன்.

வீட்டில் சொல்லவில்லை.