விளையாட்டுச் சாமான்

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

என் கணவர் ஜேசிபி வைத்திருக்கிறார். ஆகவே இந்த வீட்டில் மிஷின் என்றால் அது ஒன்றுதான். அது வாசலில் ஆயில் ஒழுக்கினால் "பாவம், அசதி." நான் செய்கிற சர்க்யூட் போர்டில் ஒயர் பற்றவைக்கும்போது ஈயம் ஒரு சொட்டு மேசையில் விழுந்தால் ஊரைக் கூட்டுகிறார்.

"பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறவ, வீட்டுக்கு வந்து வெளையாட்டுச் சாமானக் கட்டிக்கிட்டு அழுகுற. டிவியில ஓட்டிக் காட்டு. இல்ல, இந்த மாசத்தோட மூட்டையாக் கட்டிப் பரண்ல போட்டுருவேன்."

போடுவார். செய்யக்கூடிய ஆள்தான்.

10 செப்டம்பர்

அவருக்கு விளக்கி வாய்தான் வலிக்கிறது. டிவி கேமில் கேசட் சொருகுகிறோம் இல்லையா, அந்த இடத்தில் என் போர்டைச் சொருகினால் நான் எழுதிய கேம் லேப்டாப்பிலிருந்து நேராக உள்ளே போகும். ஒரு வரியைத் திருத்தினால் உடனே டிவியில் பார்க்கலாம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"கேசட்டு கடையிலயே விக்கிதே" என்கிறார்.

14 செப்டம்பர்

லேப்டாப்பில் என் கேமில் வரும் கோழி அழகாக ரோட்டைக் கடக்கிறது. டிவியில் கோழியே இல்லை, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. இந்த மாதிரி போர்டு செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கோயம்புத்தூர் அரவிந்த்குமார் பதில் போட்டார்: "லேப்டாப்லயே ஓடுதுல்ல, அப்புறம் போர்டு எதுக்கு சிஸ்டர்?"

சிஸ்டராம். பெரிய மேதை. சாப்பாட்டைப் படத்தில் பார்த்தாலே இவருக்குப் பசி அடங்கிவிடும் போல.

21 செப்டம்பர்

எங்கே தப்பு? எங்கேதான் தப்பு?

28 செப்டம்பர்

ஓடிவிட்டது! இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்ததுதான் தப்பு — நான்தான் ஊருக்குப் பாடம் நடத்துகிறவள், வெட்கக்கேடு. டிவியில் கோழி நடந்தபோது தனியாகக் கை தட்டினேன். அவர் ஆவூர்ப் பக்கம் கண்மாய் வேலையில் இருக்கிறார், செவ்வாய் இரவுதான் வருவார். புதன்கிழமை காட்டுகிறேன். வாயைப் பிளக்கட்டும்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

குளித்துவிட்டு வருவதற்குள் — பாவி மனுஷன்! ஸ்பேனர், கிரீஸ் கன், பக்கத்திலேயே வாழையிலையில் என் போர்டு. கேமில் சொருகும் பித்தளைப் பல் வரிசை மேலேயே ஈரச் சந்தனம், குங்குமம்.

"அந்த எடந்தான் பளபளன்னு இருந்துச்சு" என்றார்.

"ஒங்கள யாருங்க வைக்கச் சொன்னா?" வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் வாசலுக்குப் போய்விட்டார். ஆத்திரத்தில் அரைகுறையாகத் துடைத்துச் சொருகினேன். சிப் சுட்டது. கருகல் வாடை. "சிப்பு போச்சு!" என்று வாசல்வரை கேட்கக் கத்தினேன்.

2 அக்டோபர்

பேச்சுவார்த்தை இல்லை. நானே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தேன். பரணில் ஏற்றுகிற வேலையாவது அவர் பார்க்கட்டும்.

3 அக்டோபர்

காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"இன்னைக்கு வர முடியாதுங்க. மிஷினு ரிப்பேரு... இல்லங்க, ஜேசிபி நல்லாத்தான் நிக்கிது. இது எங்க வீட்ல உள்ளவங்க மிஷினு. சிப்பு வாங்கத் திருச்சி போறோம்."

உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் இன்னொரு தரம் போட்டுவிட்டேன். அவர் அந்தச் சட்னியையும் வழித்துச் சாப்பிட்டார்.