கைகளைப் பின்னால் கட்டி

2024 பெப்ரவரி 7, புதன்

இன்று வழிகாட்டி மாணவர்களுக்குப் பயிற்சி. இனி ஒவ்வொரு புதனும் முதலாம் வருட இரசாயன ஆய்வுகூடத்தில் நான் நிற்க வேண்டும். நான்காம் வருடத்தில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் எடுத்தார்களோ. வகுப்பில் நான் வாய் திறந்ததே இல்லை.

பொறுப்பாளர் சந்திரிகா மேடம் சொன்னது: விடை சொல்லக் கூடாது. பிள்ளைகளின் உபகரணத்தைத் தொடக் கூடாது. சரி, பிழை என்று தலையைக்கூட ஆட்டக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். கை தானாக முன்னால் போய்விடுமாம், அதனால் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்று காட்டினோம். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி ஜஹானா என் காதுக்குள், "அல்லாவே, மையத்து வீட்டுக்கு வந்த ஆக்கள் மாதிரி நிக்கிறமே" என்றாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போலத்தான் நின்றோம்; சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

பெப்ரவரி 11, ஞாயிறு

ஹந்தானைத் தோட்டத்துக்கு, வீட்டுக்கு வந்தேன். பூசை முடிந்து வந்து அம்மாவுக்கும் நின்று காட்டினேன். தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னாடி, கங்காணி மாதிரி நிக்கிற! கூடைய எட்டிப் பாக்குறது மட்டுந்தான் கொறச்சல்."

நானும் சிரித்தேன்.

பெப்ரவரி 14, புதன்

என் மேசையில் நான்கு பேர். அதில் ஒருத்தி லோஜினி. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம். அவர்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸுக்கு வந்த முதல் ஆள், என்னைப் போலவே. "பியூரெட்ட படத்துலதான் பாத்திருக்கேன் அக்கா. எங்க ஸ்கூல்ல லேப் பூட்டியே கெடக்கும்."

குடுவையில் அமிலம். பியூரெட் என்ற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டில் வெளிர் ரோஸ் நிறம் வந்து நிற்கும். அங்கே நிறுத்த வேண்டும். அவள் கடும் ரோஸ் ஆன பிறகுதான் நிறுத்தினாள். பயிற்சியில் சொன்னபடி கேட்டேன்.

"ஏன் இங்க நிப்பாட்டினீங்க?"

"மன்னிச்சிருங்க அக்கா."

"பிழைன்னு சொல்லல. ஏன்னுதான் கேக்குறேன்."

"இனிமே செய்ய மாட்டேன் அக்கா."

பெப்ரவரி 21, புதன்

மறுபடியும் கடும் ரோஸ். எத்தனை தடவை செய்தும் அதே. இன்றுதான் கவனித்தேன் — அவள் கண் குடுவையில் இல்லை, என் முகத்தில் இருக்கிறது. நிறம் மாறுகிறதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெப்ரவரி 22, வியாழன்

கங்காணி மாதிரி. அம்மா சொன்னபோது சிரித்தேனே.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறவர் லயத்துப் பிள்ளைக்கு யார்? ஏன் லேட்டு, ஏன் கொழுந்து கொறையுது — அந்த 'ஏன்' எதுவும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர வேண்டும். நானும் கொழுந்தெடுப்பவரின் மகள்தானே, எனக்கு எப்படி இது தெரியாமல் போனது?

பெப்ரவரி 28, புதன்

கையை அவிழ்த்துவிட்டேன். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குடுவைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். "என்னப் பாக்காத. தாளப் பாரு."

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. "நிக்குது அக்கா! நெறம் நிக்குது!" எல்லா மேசைகளும் திரும்பிப் பார்த்தன. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதா!

மேடம் கதவருகில் நின்றிருக்கிறார். எல்லோரும் போன பிறகு ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல் சொன்னார். உனக்கு இரக்கம் அதிகம், அதுதான் சிக்கல், பரீட்சையில் யார் அவளுக்குத் தாள் வைப்பார்கள்? சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. "யெஸ் மேடம்" என்றேன்.

மார்ச் 6, புதன்

மேசையை மாற்றிவிட்டார்கள். லோஜினிக்கு இனி என் வகுப்பு யோகராஜ்தான் வழிகாட்டி. நல்லவன். சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். லோஜினியின் காலடியில் பியூரெட். யோகராஜ் மிக மெதுவாகத்தான் கேட்டான்: "இது எப்பிடி நடந்தது தங்கச்சி?" அவள் என் பக்கம் பார்த்தாள்.

நான் போகவில்லை. போகலாமா என்று மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 13, புதன்

லோஜினி வரவில்லை.

மார்ச் 20, புதன்

இன்றும் இல்லை. இன்னும் ஒரு புதன் தவறினால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். நானும் ஜஹானாவும் மாறி மாறிப் போன் எடுத்தோம். கடைசியில் அவளுடைய அம்மா ராக்கம்மா பேசினார். "அவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா மிஸ். என்னா தப்புப் பண்ணுனா? பெரியவங்க நீங்க, மனசு வச்சு மன்னிச்சிருங்க."

மிஸ்ஸாம். ஒரு தப்பும் பண்ணலம்மா, ஒரு தப்பும் பண்ணல — இதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவங்க நம்பல. நான் போன்ல மெரட்டாமப் பேசுறேன்னு மட்டும் நெனச்சிருப்பாங்க.

மேடத்திடம் சொன்னேன். மாணவர் நலப் பிரிவின் இலக்கத்தைத் தந்தார். அவரும் வேறென்ன செய்வார்?

மார்ச் 27, புதன்

வரவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாவலப்பிட்டி. துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள் என்று ராக்கம்மா சொல்லியிருந்தார். சித்திரைப் புதுவருடக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். கழுத்தில் அளவு நாடாவுடன், "அக்கா! வாங்க வாங்க!" என்றாள்.

வேலை கஷ்டமா என்று கேட்க வந்து, விழுங்கிக்கொண்டேன். அவளே சொன்னாள்: "நிக்கிறதுதான் வேல. முதலாளி பின்னாடியேதான் நிப்பாரு. ஆனா கேள்வி கேக்க மாட்டாரு அக்கா." சிரித்தாள். பகிடிதான். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

"அடுத்த வருசம் திரும்பப் பதியலாம். நான் மேடத்துக்கிட்ட கதைச்சு—"

"பாப்போம் அக்கா."

பிறகு ஒரு துணியை உதறி மேசையில் விரித்தாள். "இதப் பாருங்க, ஒங்களுக்கு எடுப்பா இருக்கும். சரியான ரோஸ்."

2025 ஜனவரி 22, புதன்

பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது நான் இதே ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர். அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இன்று புதிய வழிகாட்டிகளுக்குப் பயிற்சி. போன வருடம் பரீட்சை எழுதியவர்களில் சித்தியடைந்தோர் வீதம் கூடியிருக்கிறதாம். எழுதியவர்களில். மேடம் என்னை முன்னால் கூப்பிட்டு, எப்படி நிற்பது என்று காட்டச் சொன்னார். புதியவர்களில் ஒரு பெண் முதலாம் வருட மாணவியாக நடித்தாள். பியூரெட்டைத் திறந்தாள்.

நான் கையைப் பின்னால் கட்டினேன்.

அவள் குடுவையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

நான் தலையாட்டவில்லை.