போனால் போகட்டும் அந்தப் பொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உப்பில் இருக்கும் சோடியத்தை வைத்து பேட்டரி செய்கிறோம் என்றேனே, அதன் நேர்முனைக்கான பொடியை உலையில் சுட்டு எடுக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். போன மாதம் எங்கள் குழுத்தலைவி அக்கா, வாரக்கணக்கில் பாடுபட்ட பொடியை உலையிலிருந்து எடுத்து, ஈரம் புகாத உலர்பெட்டிக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்த என் மணிக்கட்டு உலைக்கதவில் பட்டுவிட்டது. சின்னச் சூடுதான், ஆறிவிட்டது. நான் கத்தியதும் அக்கா பொடியை மேசையிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து, என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ அக்கா, பொடி வீணாப்போகுது! நீங்க போங்க" என்று அழுதேன்.

"போனா போகட்டும். பொடிய மறுபடி சுட்டுக்கலாம். உங்க அம்மாகிட்ட போய் வேற கையா கேக்க முடியும்?"

பொடி கெட்டேபோனது. ஒரு வார்த்தை குறை சொல்லாமல், மறுநாளே முதலிலிருந்து அரைக்க உட்கார்ந்தார். புதுப் பொடியில் செய்த பேட்டரி நேற்று அருமையாக ஓடியது. எல்லோரும் கணினித் திரையை மொய்த்திருக்க, அக்கா என்னிடம் வந்து, என் மணிக்கட்டைப் பார்த்து, "இன்னும் எரியுதா?" என்றார். எப்பேர்ப்பட்ட மனுஷி அம்மா!

இங்கே குளிர் அதிகம். போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், நீ கட்டி அவிழ்த்ததே போதும். உலை மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்