கம்பளிக்குள் சொன்ன வார்த்தை

ஞாயிறு, காலை ஆறே கால். உன் குரலை ஏழாவது முறையாக ஓட்டிவிட்டேன். ஹெட்போன் பஞ்சில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாசனை. துடைத்து வை என்றால் எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

அதைப் பதிவு செய்தது என்னுடைய இதே திருநின்றவூர் அறையில்தான். மே மாத மதியம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, உன்னைக் கட்டிலில் உட்கார வைத்து, தலைக்கு மேல் இரண்டு கம்பளி போர்த்தினேன். சுவரின் எதிரொலி ஒட்டாத குரல் எனக்கு வேண்டும். அதை நான் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குள் விட்டு, ஹெட்போனில் கேட்கிறவனைச் சுற்றி நடக்க வைக்க வேண்டும்.

"டேய், ஆளக் கொன்னுட்டு அப்பால இன்னாத்தடா ரெக்கார்டு பண்ணுவ?"

"வாய மூடிக்கினு பேசு."

"அது எப்டிடா பேசறது?"

சிரித்து முடிக்கவே பத்து நிமிஷம். கடைசியில், தினமும் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது சொல்வதைத்தான் சொன்னாய்: "யம்மா, வந்துட்டேன். துன்ன இன்னா கீது?"

அன்று மாலையே ஹெட்போனில் அதைக் கேட்டாய். குரல் இடமிருந்து வலம் போனது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் எங்கடா நடக்கறேன்? எவனோ வால்யூமத் திருவிக்கினு கீறான்" என்றாய்.

கோபம் வந்தது. ஆனால் நீ சொன்னது சரி. நான் குரலை மட்டும்தான் நகர்த்தியிருந்தேன்; புரோகிராம் சேர்த்த எதிரொலி நின்ற இடத்திலேயே நின்றது. ஆள் தூரத்தில் இருந்தால் நேராக வரும் குரல் மெலியும், சுவர்களில் பட்டு வருவது அவ்வளவாக மெலியாது. கிட்டே வர வர, குரல் எதிரொலியைத் தாண்டி முன்னால் வரும். அந்த வித்தியாசத்தில்தான் காது தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. அடுத்த வாரம் சரி செய்கிறேன் என்றேன். அடுத்த வாரம் உனக்கு மஞ்சள் காமாலை. அதிலிருந்து நீ எழவில்லை.

உன் காரியத்தன்று, காக்களூரில் உங்கள் வீட்டில் உன் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவன் கொரலு உங்கிட்ட கீதாமே. ஒரு வாட்டி போட்டுக் காட்டுப்பா."

நேற்று போய், கம்பளிக்குள் பதிந்ததை அப்படியே போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "அவன்தான். ஆனா எங்க கீறான்? எதுலயோ போட்டுப் பொத்தி வெச்சா மாதிரி கீதேப்பா."

பதிவில் குறை இல்லை. நான் கேட்டதே அதுதான், எந்த அறையிலும் இல்லாத குரல். இனி அதற்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்குள் பலூன் வெடிக்கும் சத்தத்தைப் பதிந்தால், அந்த வீடு எப்படி எதிரொலிக்கிறது என்பது அதில் கிடைத்துவிடும் என்று அம்மாவிடம் விளக்கினேன்.

"எழவு நடந்த ஊட்ல பலூனா?" என்றார். ஹெட்போன் வயரைச் சுற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு, "எத்தினி வேணும்?"

இனி செய்ய வேண்டியவை:

1. ஏழு மணி ரயிலைப் பிடித்து காக்களூர் போவேன்.

2. சமையலறையில் அம்மா நிற்கும் இடத்தில், இரண்டு காதிலும் மைக் மாட்டிக்கொண்டு நான் நிற்பேன். வாசல் கேட், கூடம், சமையலறைக் கதவு என்று நீ வரும் வழியெல்லாம் அம்மா பலூன் உடைத்துக்கொண்டு வருவார்.

3. "யம்மா" கேட்டில். "வந்துட்டேன்" கூடத்தில். மிச்சம் கதவருகில். நடுவில் எதிரொலியையும் கூடவே நடக்க வைப்பேன். வால்யூமைத் திருகி ஏமாற்ற மாட்டேன்.

4. உன்னைச் சமையலறைக் கதவிலேயே நிறுத்திவிடுவேன். திரும்பிப் போகும் வழிக்கு புரோகிராம் எழுத மாட்டேன்.