கண்சிமிட்டிய ஓலைக்குப் பின் விடுத்த ஓலை

நன்று நிலைபெறுக; மாரி பொய்யாதிருக்க. ஏழாற்று நாடாளும் மன்னர் அடலேறனாரின் அமைச்சர் நன்னாகனார், கரும்பாறைக் கோட்டை காக்கும் வேள் நெடுங்கீரனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதிலகத்து மாந்தர் அனைவரும் நலமுற்றிருக்கவென வாழ்த்துவது மரபு. வாழ்த்த அமைச்சருக்கு நாக்கூசுகிறது.

ஓலை மண்டபத்து எழுத்தர்கள் ஈராண்டாகப் பழகிக் கோட்டைகள்தோறும் பரப்பிய இழிவைத் தாங்கள் அறிவீர்கள். வரியின் கடைசியில் மிளகளவு முகமொன்றைக் காய்ச்சிய இரும்பச்சால் சுட்டுப் பொறிக்கிறார்கள். சிரிக்கும் முகம், அழும் முகம், நாக்கு நீட்டும் முகம், கூப்பிய கை, கத்தரிக்காய் என ஒரு பேழைக்குள் முந்நூறு அச்சுகள். வரியெழுத இமைப்பொழுது, ஏற்ற முகம் தேட அரை நாழிகை. கொலைத் தண்டனை ஓலையொன்றின் அடியில் எவனோ பூங்கொத்து பொறித்திருந்தான். அமைச்சர் அதைக் கண்டார். ஆயினும் விளையாட்டென்று விட்டார். சீ, விட்டதோடு நின்றாரா?

கோட்டைக் கிணறு கெட்டுக் காய்ச்சல் பரவி ஒன்பதின்மர் மாண்டனர், மருத்துவரை விடுக்க என்று தாங்கள் எழுதுவித்த ஓலை அரசவையில் படிக்கப்பட்டது. அழும் முகம் வேண்டித் தங்கள் எழுத்தர் பொறித்ததோ, கண்ணீர் வரச் சிரிக்கும் முகம். கரி படிந்தால் இரண்டு அச்சும் ஒன்றுபோலிருக்கும். அன்று அவரும் காய்ச்சலில் நடுங்கினார் என்று தூதர் பின்னர் உரைத்தார், ஆதலின் அவர்மேல் குற்றமில்லை. அவையோரோ சொல்லை விட்டு முகத்தை நம்பப் பழகியிருந்தனர். மதிலுக்குள் பொழுது போகாமல் வேள் நகையாடுகிறார் என்று படைத்தலைவர் உரைக்க, அவை குலுங்கியது. அமைச்சரும் சிரித்தார். பின்னர்ப் பேழையைத் தம் கையாலேயே துழாவி, கெட்ட கிணற்றுக்குக் கள்ளே மருந்து என்னும் ஒற்றை வரியின் கீழ்க் கண்சிமிட்டும் முகமொன்றைப் பொறித்து விடையனுப்பினார்.

பதினொரு நாள் கழித்துத் தங்கள் இரண்டாம் ஓலை வந்தது. அதில் முகமில்லை. மாண்டவர் நாற்பத்திருவர் என்றும், அவருள் ஒருத்தி தங்கள் இளைய மகள் என்றும் இருந்தது. அன்று முதல் அந்த வலக்கையால் சோறுண்ண அமைச்சருக்கு அருவருப்பாயிருக்கிறது. இழவு வீட்டு வாசலில் பல்லிளித்தவனுக்கு ஊரில் என்ன பெயருண்டோ, அதுவே இனி அவர் பெயர்.

ஆதலின் அரசர் ஆணை இது. இவ்வோலையோடு வரும் மருத்துவர் எழுவருக்கும் நன்னீர் வண்டி இருபதுக்கும் வாயில் திறக்கப்படுக. அச்சுகள் முந்நூறும் உருக்கப்பட்டு, நீரிறைக்கும் சாலொன்றாக அடிக்கப்பட்டு உடன் வருகின்றன. கண்சிமிட்டிய ஓலையை எரித்துவிட வேண்டாம். நிறைமதி நாளில் அமைச்சர் காவலின்றி வருவார்; மதிலகத்தார் கூடிய மன்றில் அது அவர் வாயாலேயே படிக்கப்படுக. அதன்பின் தாங்கள் இடும் தண்டம் அரசர் இட்டதாகவே கொள்ளப்படும்.

அரச முத்திரை இட்டது. அடியில் முகம் ஏதும் பொறிக்கவில்லை. அமைச்சரின் முகத்தைத் தாங்கள் நேரில் காண்பீர்கள்.